அரியரத்தினத்தின் சாயும் பிஸ்டல்

மனைவிக்குத் தெரியாமல் ஒரு பிஸ்டல் செய்வது என்று அரியரத்தினம் முடிவெடுத்தார். அவருடைய கல்யாண வாழ்க்கையில் மனைவிக்குத் தெரியாமல் அவர் செய்து முடித்த காரியம் என்று அதுவரை ஒன்றுகூட இல்லை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் முடிவெடுத்துவிட்டார். ஆம்பிளை என்றால் எப்போதாவது ஒரு முடிவு எடுக்கத்தானே வேண்டும்.

பயப்படாதீர்கள், நாடகப் பிஸ்டல்தான். ஜேர்மனியின் எசன் நகரத்துத் தமிழர்கள் தைப்பொங்கல் விழாவுக்கு வருடம் ஒரு நாடகம் போடுவார்கள். போன வருடம் இன்ஸ்பெக்டராக நடித்தவன் பரராசசிங்கம். கையில் கடையில் வாங்கிய பச்சைப் பிளாஸ்டிக் துவக்கு, தண்ணீர் பீச்சுகிற சாமான். அதை நீட்டிப் பிடித்து "டுமீல்" என்று தன் வாயாலேயே சொன்னான். வில்லன் அதற்கு முதலே விழுந்துவிட்டான். துவக்கிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வேறு சொட்டியது. சனம் சிரித்த சிரிப்பில் மண்டபத்துக் காவலாளி பதறி ஓடிவந்து எட்டிப் பார்த்தான்.

அப்போது சபையில் எழுந்து நின்று கத்தியவர் அரியரத்தினம்.

"இதென்ன கண்றாவி! அடுத்த முறை நான் செய்து தாறன், சத்தம் போடுற பிஸ்டல்!"

நாடகத்தை நெறிப்படுத்துகிற சிறீதரன் இதை மறக்கவில்லை. இந்த முறை மார்கழி பிறந்ததும் நேரே வந்து கேட்டுவிட்டான்.

"அண்ணை, வாற ஞாயிறு ஒத்திகைக்குப் பிஸ்டலோட வாங்கோ. சத்தம் வந்தா நீங்கள்தான் இன்ஸ்பெக்டர். வராட்டி, பரராசசிங்கமும் அவற்றை வாயும்."

இன்ஸ்பெக்டர் வேடம்! அரியரத்தினம் ஊரில் ஒரு சீமெந்துக் களஞ்சியத்தில் எழுதுவினைஞர். அங்கே லொறிக்காரர்கள் அவரை "ஐயா" என்பார்கள். இங்கே அசூல் என்று அகதித் தஞ்சம் கேட்டு வந்தவர்கள் வேலை செய்யக் கூடாது என்று சட்டம். நாள் முழுக்க வீடு. மனைவி உரி என்றால் வெங்காயம், துருவு என்றால் கரட். தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு பின்னேரமாவது நாலு பேரை அதட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு உண்மையிலேயே ஏக்கமாக இருந்தது.

மனைவி புஷ்பராணிக்கு ஏன் தெரியக் கூடாது? அவர்களுடைய அசூல் விசாரணைக்கு மாசி மாதம் ரேர்மின், அதுதான் தவணை நாள், வந்திருந்தது. அதிகாரி முன்னால் போய் இருந்து பதில் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் வந்த நாள் தொடக்கம் வீட்டில் ஊரடங்குச் சட்டம். ஒரு பிழை விடக் கூடாது, ஒருவர் வாயில் விழக் கூடாது. நடுச்சந்தியில், கொட்டுகிற பனியில், ஒரு வாகனமும் இல்லாத ரோட்டில் சமிக்ஞை விளக்கில் சிவப்பு மனிதன் எரிந்தால் அவரைப் பிடித்து நிறுத்திவிடுவாள்.

"ஒருத்தரும் இல்லையப்பா, கடப்பம்."

"இருக்கிறாங்கள். யன்னலுக்குப் பின்னால நிண்டு பாக்கிறாங்கள்."

அப்படிப்பட்டவளிடம் போய், "இஞ்சேர், நான் ஒரு பிஸ்டல் செய்யப் போறன்" என்று சொல்ல முடியுமா?

ஆகவே தொழிற்சாலை நிலத்தடிக்குப் போனது. ஜேர்மன் மாடிவீடுகளில் வீட்டுக்கு ஒரு கெல்லர் உண்டு, நிலத்துக்குக் கீழே பலகை அடித்துப் பிரித்த சின்ன அறை. அங்கே உருளைக்கிழங்குச் சாக்குக்கும் ஊரிலிருந்து கொண்டுவந்த உடைந்த சூட்கேசுக்கும் நடுவில் அரியரத்தினம் வேலையைத் தொடங்கினார். கைபிடி, உடைந்த கதிரைக்கால். குழல், யாரோ எறிந்த குடைக்கம்பு. தட்டுகிற சுத்தியல், பழைய கதவுப் பிணைச்சலின் ஒரு பாதி. விசை, உடுப்புக் காயப்போடுகிற மரக் கிளிப்பின் ஒரு பாதி. எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்க ஒரு ரப்பர் வளையம். கடையில் சிவப்புக் கடுதாசியில் பொட்டு வெடி விற்பார்களே, அதில் ஒரு பொட்டைக் கிழித்துக் கோட்டுப் பித்தானின் மேல் வைத்தால், சுத்தியல் வந்து தட்டும். "டப்" என்று சத்தம், கொஞ்சம் புகை. அவ்வளவுதான். அந்தப் பிஸ்டலால் ஒரு ஈயைக்கூடக் காயப்படுத்த ஏலாது.

முதல் பிரச்சினை குசினியில் கிளம்பியது.

"இஞ்சாருங்கோ, கிளிப்பைக் காணேல்லை."

"எந்தக் கிளிப்?"

"உடுப்புக் கொழுவிறது. உங்கட காற்சட்டை ஒற்றைக் காலில தொங்குது."

"காத்துக்குப் போயிருக்கும்."

"குளிக்கிற அறைக்குள்ள காத்தே?"

"ஜேர்மன் வீடுகளில அப்பிடித்தான். எங்கயோ ஒரு நீக்கல் இருக்கும்."

புஷ்பராணி அவரை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் கல்யாணத்துக்கு அடுத்த நாளிலிருந்து அறிவார். ஆனால் அவள் உள்ளே போய்விட்டாள். தப்பினேன் என்று நினைத்தார் அரியரத்தினம்.

பிஸ்டல் அன்றே முடிந்தது. விசையை இழுத்தார். டப்! கெல்லரே கமகமத்தது. தானே தனக்குச் சல்யூட் அடித்துவிட்டு, அதைத் துணியில் சுற்றிச் சூட்கேசுக்குள் வைத்தார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு தரம் சோறு கேட்டார்.

அடுத்த நாள் போய் இழுத்தார். டக். மறுபடியும் டக். விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்தால், சுத்தியல் பொட்டில் விழவில்லை. இடப்பக்கம் சாய்ந்து வெறும் மரத்தில் விழுகிறது. சுத்தியல் ஆடாமல் இருக்க இரு பக்கமும் மட்டைத் துண்டு செருகியிருந்தார். இடப்பக்கம் ஒரு மட்டை குறைவாக இருக்கிறதோ? இன்னொன்றைச் செருகினார். டப்! சரி.

அதற்கு அடுத்த நாள் வலப்பக்கம் சாய்ந்தது.

மட்டையை எடுத்தார், டப். மறுநாள் மறுபடியும் இடம். அரியரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டு சாக்கின் மேல் உட்கார்ந்தார். மரம் ஊதுகிறதோ? ஈரமோ? கெல்லரின் ஈரம் என்றால் ஒரே பக்கமாக அல்லவா இழுக்க வேண்டும்? அப்போது அங்கே கிழங்கு எடுக்க வந்தார் மேல்மாடியில் இருக்கிற ஜேர்மன்காரி மக்டலீனின் புருசன். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதர். பிஸ்டலைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஜேர்மனில், "எல்லாம் சாயுது" என்று முறையிட்டார் அரியரத்தினம்.

"சாயாமல்?" என்றார் கிழவர். "இந்தத் தெரு முழுக்கக் கீழே வெறும் பொந்து. நாங்கள்தான் தோண்டினோம். வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் கோணுது. எங்கள் குளியலறையில் சவர்க்காரம் தானாகவே நடந்து போகும்."

அரியரத்தினத்துக்குப் பொறி தட்டியது. பிஸ்டல் சாயவில்லை. வீடு சாய்கிறது! ஒரு நாள் இடம், ஒரு நாள் வலம்! உடனே மேலே ஓடிவந்து, குசினி நிலத்தில் குப்புறப் படுத்து, ஒரு வெங்காயத்தை உருட்டிவிட்டு அது போகும் திசையைப் பார்த்தார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"பேசாமல் நில்லும். வீடு எந்தப் பக்கம் சரியுது எண்டு பாக்கிறன்."

"வெங்காயத்தை வைச்சோ?"

"உருண்டையா வேற என்ன இருக்கு?"

"உங்கட மண்டை இருக்கு."

அப்படிச் சொல்லிவிட்டுப் புஷ்பராணி வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள். அழுகிறாளோ என்று அவருக்குப் பட்டது. பாவம், வீடு சரிகிறது என்றால் யாருக்குத்தான் பயம் வராது.

வெங்காயம் அந்தப் பக்கமும் போனது, இந்தப் பக்கமும் போனது. ஒரு முடிவுக்கும் வர ஏலவில்லை. அப்போதுதான் அவருடைய மூளையில் கடைசியாக உதிக்க வேண்டியது உதித்தது. யாரோ கை வைக்கிறார்கள்!

முதல் சந்தேகம் பரராசசிங்கத்தில். செவ்வாய்க்கிழமை தேத்தண்ணி குடிக்க வந்தவன், "கெல்லரில உங்கட பங்கு எது அண்ணை?" என்று கேட்டான். ஏன் கேட்டான்? புஷ்பராணி அவனைக் கிழங்கு எடுத்துவர அனுப்பினாள், அதனால் கேட்டான். ஏன் அனுப்பினாள்? இந்த இடத்தில் சந்தேகம் மெல்லத் திரும்பி மனைவியில் வந்து நின்றது. அந்த ஒற்றைக் கிளிப் பார்வை ஞாபகம் வந்தது. கெல்லர்த் திறப்பு குசினி ஆணியில்தான் தொங்குகிறது என்பதும் ஞாபகம் வந்தது.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். என்ன செய்யலாம்? பிஸ்டலின் கைபிடியில் மஞ்சள் தூளை மெல்லிதாகத் தூவி வைத்தார். தொடுகிறவர் விரலில் ஒட்டும், கழுவினாலும் போகாது. ஜேர்மன் பொலிசுக்குக்கூட இந்த யோசனை வராது என்று தன்னை மெச்சிக்கொண்டார்.

மறுநாள் பிஸ்டல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அரியரத்தினம் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே வந்தார்.

"புஷ்பம், கையைக் காட்டும்!"

"ஏன்?"

"காட்டும் எண்டால் காட்டும்."

காட்டினாள். பத்து விரலும் மஞ்சள்.

"பிடிச்சன்!" என்று துள்ளினார் அவர். "உதென்ன மஞ்சள்?"

"மீனுக்குப் பூசினனான். பின்ன, மீனுக்கு மஞ்சள் பூசினா கை பச்சையாவே இருக்கும்?"

அரியரத்தினத்துக்கு அப்போதுதான் விளங்கியது. கல்யாணம் கட்டிய நாள் தொடக்கம் மஞ்சள் இல்லாத அந்தக் கையை அவர் கண்டதே இல்லை.

"அதை விடுங்கோ," என்றாள் புஷ்பராணி. "உங்கட கையும் மஞ்சளாத்தானே கிடக்கு. நீங்கள் எந்த மீனுக்குப் பூசினனீங்கள்?"

அவர் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார். காற்சட்டையும் மஞ்சளானது.

சனிக்கிழமை வந்துவிட்டது. விடிந்தால் ஒத்திகை. இனி ஒரே ஒரு வழிதான், பிஸ்டலைக் கண்ணை விட்டு எடுக்கக் கூடாது. காலையிலேயே கெல்லருக்குப் போய், மட்டைகளைச் சரிசெய்து, சுத்தியலை நேராக விழப் பண்ணி, புதுப் பொட்டு வைத்து, அப்படியே ஸ்வெற்றருக்குள் நெஞ்சோடு சேர்த்துச் சால்வையால் இறுகக் கட்டிக்கொண்டார்.

"ஏனப்பா நெஞ்சைத் தூக்கிக்கொண்டு நடக்கிறியள்?"

"வாயு."

"இஞ்சி அவிச்சுத் தரட்டே?"

"வேண்டாம். இது நாளைக்குப் போயிடும்."

"அப்ப வாங்கோ, பாண் வாங்கப் போவம். நடந்தா இண்டைக்கே போயிடும்."

போனார்கள். வழியில் சிவப்பு மனிதனுக்காக நின்றார்கள். பேக்கரியில் கடுதாசிப் பையில் பாண் வாங்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்து படி ஏறும்போதுதான் நடந்தது. சனிக்கிழமையென்றால் மாடிப்படி கழுவ வேண்டும், இந்தக் கிழமை மக்டலீனின் முறை. படியெல்லாம் ஈரம். அரியரத்தினத்தின் கால் வழுக்கியது. விழாமல் இருக்கக் கைப்பிடிக் கம்பியை எட்டிப் பிடித்தார். நெஞ்சு கம்பியில் மோதியது.

டப்!

இத்தனை நாளும் இல்லாத சத்தம். மாடிப்படி அதை வாங்கிப் பெருக்கி நாலு மாடிக்கும் அனுப்பியது. மக்டலீனின் வாளி கவிழ்ந்து தண்ணீர் படிப்படியாக இறங்கி வந்தது. அரியரத்தினத்தின் கழுத்தடியிலிருந்து மெல்லிய புகை.

"பொலிசை!" என்று கத்தினாள் மக்டலீன். "யாராவது பொலிசைக் கூப்பிடுங்கள்!"

அரியரத்தினம் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். இன்ஸ்பெக்டர் வேடம் எல்லாம் மறந்துபோனது. மாசி மாத ரேர்மின்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அதிகாரி, மேசை, "உங்கள் வீட்டில் துவக்கு இருந்ததாமே?" என்ற கேள்வி. பிறகு ஊருக்கு விமானம்.

புஷ்பராணி அசரவில்லை. பாணைத் தூக்கி அவர் கையில் திணித்தாள். வெறும் பையை வாயில் வைத்து ஊதினாள். மக்டலீனுக்கு நேரே நீட்டிப் பிடித்து ஒரே அடி.

டமார்!

"கடுதாசிப் பை," என்றாள் தன் ஜேர்மனில். "என்ர மனுசன் விளையாட்டு. சின்னப் பிள்ளை மாதிரி."

மக்டலீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். பிறகு சிரித்தாள். அவளுடைய புருசன் கதவைத் திறந்துகொண்டு வந்து, சுரங்கத்தில் தாங்களும் சாப்பாட்டு நேரத்தில் இப்படித்தான் ஒருவரையொருவர் பயப்படுத்துவோம் என்று சொல்லி அவளைவிடப் பெரிதாகச் சிரித்தார். அரியரத்தினமும் சிரிக்க வேண்டியிருந்தது. புகை போகும்வரை பாணைக் கழுத்தடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

வீட்டுக் கதவு சாத்தியதும் புஷ்பராணி கையை நீட்டினாள்.

"தாங்கோ."

"எதை?"

"வாயுவை."

ஸ்வெற்றருக்குள் கை விட்டு எடுத்துக் கொடுத்தார்.

"உமக்கு எப்ப தெரியும்?"

"கிளிப் துலைஞ்ச அண்டைக்கே. ஆர் வீட்டிலயாவது கிளிப்பைப் பாதியா உடைச்சு மற்றப் பாதியைக் குப்பை வாளிக்குள்ள போடுவாங்களே? அடுத்த நாள் கிழங்கு எடுக்கப் போகேக்க சூட்கேசைத் திறந்து பாத்தன்."

"அப்ப அந்த மட்டை?"

"ஓம். ஒரு நாள் இந்தப் பக்கம் கூட்டுவன், ஒரு நாள் அந்தப் பக்கம் குறைப்பன். நீங்கள் வெங்காயம் உருட்டின அண்டைக்குத்தான் சிரிப்பை அடக்க ஏலாமல் போச்சு."

"என்னட்ட நேர வந்து வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா ரெண்டு செய்வியள்."

அது உண்மை என்று அவருக்கும் தெரியும்.

புஷ்பராணி பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே அங்கயிருந்து ஓடி வந்தனாங்கள்," என்றாள். "இஞ்ச வந்து என்ர வீட்டுக்குள்ளயே அந்தச் சத்தம் கேக்க வேணுமே?"

அரியரத்தினத்துக்கு வெட்கமாக இருந்தது. மெய்யான வெட்கம். தானாகவே பிஸ்டலைப் பிரித்து, பிணைச்சலை ஒரு பக்கமும் கதிரைக்காலை ஒரு பக்கமும் போட்டார். மிஞ்சிய பாதிக் கிளிப்பைக் கொண்டுபோய்த் தன் காற்சட்டையில் கொழுவிப் பார்த்தார். அது நிற்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு ஒத்திகை. இன்ஸ்பெக்டர் வேசம் இனிப் பரராசசிங்கத்துக்குத்தான்."

"ஆர் சொன்னது? நீங்கள்தான் இன்ஸ்பெக்டர்."

"பிஸ்டல்?"

"சிறீதரனோட திங்கக்கிழமையே கதைச்சிட்டன். சத்தம் மேடைக்குப் பின்னால இருந்து வரும். நான் பை வெடிப்பன். அவன் கேட்டுப் பாத்திட்டு, உங்கட சாமானைவிட இது திறம் எண்டவன்."

திங்கட்கிழமையே! அவர் வெங்காயம் உருட்டியதற்கும் மஞ்சள் தூவியதற்கும் முதல்!

"ஒண்டு மட்டும்," என்றாள் அவள். "இனி எனக்குத் தெரியாமல் ஒண்டும் செய்யமாட்டன் எண்டு தலையில கை வைச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

அவருக்கும் ஒரு ரோசம் இருக்கத்தானே வேண்டும். "பாப்பம்," என்றார்.

"சரி, பாப்பம்," என்றாள் புஷ்பராணியும்.

விழா வந்தது. பிஸ்டலாகத் துருக்கிக் கடையில் தேடிப் பிடித்த வளைந்த கத்தரிக்காய் ஒன்றைக் கறுப்புக் கடுதாசியில் சுற்றிக் கொடுத்தாள் புஷ்பராணி. ட்ராமில் பொலிஸ் மறித்தாலும் கத்தரிக்காய்க்கு வழக்கு இல்லை, அடுத்த நாள் கறிக்கும் ஆகும். மண்டபம் நிரம்பி வழிந்தது. தொப்பியும் கத்தரிக்காயுமாக மேடையில் நின்ற அரியரத்தினம் ஒரு சுற்றுப் பருத்துவிட்டார். வில்லனான பரராசசிங்கத்தைப் பார்த்து, எழுதிக் கொடுத்த வசனம் எல்லாம் முடிந்த பிறகும் தன் சொந்தத்தில் நாலு வசனம் விட்டார்.

"என் பிஸ்டல் ஒருநாளும் குறி தப்பாதடா! இந்த இன்ஸ்பெக்டர் ஒருவருக்கும் அடங்காதவன்!"

கைதட்டல். நீட்டினார். சுட்டார்.

சத்தம் இல்லை.

இன்னொரு தரம் சுட்டார். இல்லை. பரராசசிங்கம் விழுவதா நிற்பதா என்று தெரியாமல் பாதி மடங்கிய முழங்காலோடு நின்றான். முன்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். அரியரத்தினம் மெல்லக் கடைக்கண்ணால் திரை மறைவைப் பார்த்தார். அங்கே புஷ்பராணி ஊதிய பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைத் தன் உச்சந்தலையில் வைத்துக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள்.

சிரிப்பு இரண்டாம் வரிசைக்குப் பரவியது. போன வருடத்துச் சிரிப்பு. ஒருவருக்கும் அடங்காத இன்ஸ்பெக்டர், அத்தனை சனத்துக்கும் முன்னால், மெல்லத் தொப்பியைக் கழற்றி உச்சந்தலையில் கை வைத்தார்.

டமார்!

பரராசசிங்கம் தடாலென்று விழுந்தான். மண்டபம் அதிர்ந்தது. கொல்லப்படுகிறவனுக்கும் தொப்பி கழற்றி மரியாதை செய்கிறாரே என்று பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். அரியரத்தினம் வெற்றியோடு பிணத்தின் மேல் ஒரு காலை வைத்தார். பிணம் கண்ணைத் திறக்காமல், உதட்டை மட்டும் அசைத்து அவரிடம் கேட்டது:

"அண்ணை, நான் எப்ப எழும்பலாம் எண்டு அக்காவைக் கேட்டுச் சொல்லுங்கோ."